பத்து வார்த்தைக்கு மிகாமல்

அறுபது நாள், அறுபது கூப்பன்.
பெருமாநல்லூர் தாண்டி ஒரு வீடு
பேப்பரின் முதல் பக்கத்தில்
யாரும் குடியேறாத வெளிச்சத்தில் நின்றது.
வாசலில் ஒரு காரும் வரைந்திருந்தார்கள்.
கார் பரிசில் சேராது என்று
அடியில் எறும்பளவு எழுத்து.

பிசிறு வெட்டும் கத்தரியால்தான் வெட்டினேன்.
பனியன் கம்பெனி செக்கிங்கில் பதினோரு வருஷம்;
கோட்டைத் தாண்டாது என் கை.
சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டினேன்.
எட்டாம் நம்பரில் ஓர் ஓரம் கரப்பானுக்கு.
இருபத்தேழில் வெஜ் பப்ஸ் எண்ணெய்:
பேக்கரிக்காரர் மடித்துக்கொண்டிருந்த தாளை
பாதி மடிப்பில் பிடுங்கி வந்தது.

நாற்பத்தொன்று மட்டும் இரண்டு.
ஷிப்ட் முடிந்து அவர் பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்க,
நான் முக்கில் வாங்க,
ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாத பதினாறு ரூபாய்.
"ரண்டு வூடா குடுக்கப் போறாங்க?" என்றார் நஞ்சப்பன்.
அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளியங்காட்டில் எங்கள் லைன்.
எட்டு வீடு, ஒரே குழாய்,
ஒரே சட்டம்: ஆணி அடிக்கக் கூடாது.
காலண்டர் முருகன் அரிசி டிரம்மில் சாய்ந்து நிற்கிறார்.
மாமனார் போட்டோ பீரோ மேல் மல்லாந்து
ஏழு வருஷமாய் ஃபேனைப் பார்க்கிறது.

ஐம்பத்தெட்டாம் நாள் ராத்திரி
வீட்டுக்கார மயிலாத்தாள் வந்தார்.
வாடகை நாள் இல்லை,
கரண்ட் கணக்கும் முடிந்துவிட்டது.
செருப்பைக் கழற்றினார், முதல் தடவையாக.
பாயில் உட்கார்ந்து முந்தானையால் முகம் துடைத்து,
"ஏனம்மிணி, உங்கிட்ட நாப்பத்தொண்ணு
ரண்டு இருக்குதாமா?"

"எட்டு வூடு இருக்குது, உங்களுக்கு எதுக்குங்க?"
கேட்டது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

"எட்டும் பையம் பேர்ல எழுதியாச்சு, சாமி.
நா இருக்கறதும் அவன் வூடுதான்.
ராத்திரி எந்திரிச்சு நா லைட்டப் போட்டா
மருமவ எந்திரிச்சு அணைக்கறா."

கூப்பனை எடுத்தேன். நீட்டவில்லை.
என் கையில் இருக்கும் ஒன்றுக்காக
ஒருத்தர் காத்திருப்பது எப்படி இருக்கிறது என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேன்.
நன்றாகத்தான் இருந்தது. அது வெட்கமாகவும் இருந்தது.

"ஒரு ஆணிங்க," என்றேன்.

சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.
"ஒண்ணே ஒண்ணு. சிறுசா.
பையங்கிட்டச் சொல்லீராத."

கடைசி இரவு பாரத்தில் ஒரு வரி மிச்சம்:
'இந்த வீடு எனக்கு வேண்டும், ஏனென்றால்…'
பத்து வார்த்தைக்கு மிகாமல் நிரப்புக.
அவர் சொன்னது பதினாலு.
கோகிலவாணி ஒன்பதாவது, புணர்ச்சி நடக்கிறது பள்ளிக்கூடத்தில்.
"சேத்தி எழுதுனா ஒண்ணும்மா, பிரிச்சாத்தான் ரண்டு"
என்று பதினாலையும் பத்துக்குள் அடைத்தாள்,
லைன் வீட்டில் ஆளை அடைக்கிற மாதிரி.
ஆணி, அடிக்க என்பதற்கு நடுவில்
ஒரு ய் வந்து
பருக்கை இல்லாமலே ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தோம்.
முதல் அடிக்குக் காரை உதிர்ந்தது.
இரண்டாவதுக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து
திருப்பித் தட்டினார்கள்.
மூன்றாவதை அவர் துண்டு சுற்றி அடித்தார்.
மாமனாரா முருகனா என்று மதியம்வரை சண்டை.
யாருமில்லாமல் கிடக்கட்டும் என்று
என் கத்தரியை மாட்டினேன்.

வீடு ஆத்தூர்ப் பக்கம் யாருக்கோ விழுந்ததாம்.
மயிலாத்தாள்தான் வந்து சொன்னார்,
செருப்பை வெளியே விட்டுவிட்டு.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
டீ வைக்கட்டுங்களா என்றேன்.
அவர் கத்தரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு
ஆணியை இரண்டு விரலால் பிடித்து
அசைகிறதா என்று
இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.